பழைய கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி: சிடி போடுவதற்கு முன்பிருந்து தமிழ் எழுத்து சரியாகும் வரை

விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் அது தேவைப்படும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் அச்சுக்கோத்து, பேஜ்மேக்கரில் சேமித்து வைத்த பழைய மலர்களையும் அழைப்பிதழ்களையும் திறக்க வேண்டிய அச்சகம், பேரலல் போர்ட்டில் மட்டுமே பேசும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பில் அடிக்கும் கடை, எக்ஸ்பிக்கு மட்டுமே மென்பொருள் உள்ள எம்பிராய்டரி இயந்திரம், பழைய கணக்குக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டிய தணிக்கையாளர். அப்படி ஒரு தேவை உங்களுக்கும் இருந்து, இதற்கு முன் எக்ஸ்பி நிறுவிய அனுபவம் இல்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஒன்றை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணினி ஒரு வேலைக்கானது. இணையத்தில் உலவவோ, வங்கிக் கணக்கைத் திறக்கவோ, மின்னஞ்சல் பார்க்கவோ இது வேண்டாம். கீழே சொல்லும் பெரும்பாலான தேர்வுகள் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவை.

எந்தக் கணினி ஏற்றது

எக்ஸ்பி சிடி வந்த பெட்டியின் மேல் 64 எம்பி ரேம் போதும் என்று போட்டிருக்கும். அது முதல் பதிப்புக்கான கணக்கு. மூன்றாவது சர்வீஸ் பேக்கோடு (திருத்தங்களின் பெரிய தொகுப்பு), ஏதேனும் ஒரு மென்பொருளும் ஓட வேண்டும் என்றால் 512 எம்பி வேண்டும். 1 ஜிபி இருந்தால் தாராளம். 4 ஜிபி போட்டாலும் 32 பிட் எக்ஸ்பி 3.2 ஜிபி அளவுக்குத்தான் காட்டும். ரேம் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம்.

பென்டியம் 4 முதல் எச்61 சிப்செட் மதர்போர்டு வரை பிரச்சினை இல்லை. அந்தக் காலத்து போர்டுகளுக்கு எக்ஸ்பி டிரைவர்கள் வந்தன. 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் சிப்புகளிலிருந்து சிக்கல் தொடங்குகிறது: உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு எக்ஸ்பி டிரைவர் கிடையாது. அதற்கும் புதிய கணினி என்றால் நேரடியாக நிறுவ முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கும் வர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளுக்குள் நிறுவுங்கள். அங்கே 512 எம்பி ரேம், 10 ஜிபி டிஸ்க், ஸ்டோரேஜ் கன்ட்ரோலராக ஐடிஇ பிஐஐஎக்ஸ்4, நெட்வொர்க் கார்டாக பிசிநெட் ஃபாஸ்ட் 3. இந்த நான்கையும் இப்படி வைத்தால் எக்ஸ்பி எல்லாவற்றையும் தானாகவே அடையாளம் காணும்.

நிஜமான பழைய பெட்டி என்றால், சுவிட்ச் போடுவதற்கு முன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள்.

சிபியுவைச் சுற்றி நிற்கும் சிறிய உருளை கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, உச்சியில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருந்தாலோ, அந்த போர்டில் நிறுவல் பாதியில் நிற்கும், காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளில் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் இருந்தன. மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கேட்காமலே மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போய்விடும், மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் நீங்கள் மாற்றிய அமைப்பும் அழிந்துவிடும். டிஸ்கோடு பேசும் முறையை (கீழே பயாஸ் பகுதியில் வரும்) ஐடிஇ ஆக வைத்தது மறுநாள் ஏஎச்சிஐ ஆகியிருக்கும், எக்ஸ்பி நீலத்திரையில் நிற்கும், காரணம் புரியாமல் ஒரு நாள் போய்விடும்.

ரேம் குச்சிகளைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு முழுச் சுற்று ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம். நிறுவும்போது "இந்தக் கோப்பை நகலெடுக்க முடியவில்லை" என்று வரும் பிழைக்குச் சிடியைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். பாதி நேரம் குற்றவாளி ரேம்.

பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் கேபிளையும் பாருங்கள். 40 துளை கொண்ட இணைப்பிதான், ஆனால் பட்டையில் 80 மெல்லிய கம்பிகள் ஓடும் கேபிள் வேண்டும். 40 கம்பிக் கேபிளில் டிஸ்க் வேகம் நொடிக்கு 33 எம்பிக்கு மேல் ஏறாது. ஒரே கேபிளில் டிஸ்கும் சிடி டிரைவும் இருந்தால் ஜம்பர்களில் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

சிடியும் சாவியும்

மூன்றாவது சர்வீஸ் பேக் சேர்ந்தே வந்த சிடியைத் தேடுங்கள். 2008-இல் வந்தது அது. சர்வீஸ் பேக் எதுவும் இல்லாத முதல் சிடிக்கு 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கின் முழு அளவும் தெரியாது.

25 எழுத்துச் சாவி சரியாக இருந்தும் "செல்லாது" என்று வருவதற்கு ஒரே காரணம்தான் பெரும்பாலும்: சிடியும் சாவியும் வேறு வேறு வகை. கடையில் பெட்டியோடு விற்ற ரீடெய்ல், கணினியோடு வந்த ஓஇஎம், அலுவலகங்களுக்கான வால்யூம் என மூன்று வகை உண்டு. ஓஇஎம் ஸ்டிக்கரில் உள்ள சாவியை ரீடெய்ல் சிடி ஏற்காது. ஹோம் சாவியை புரொஃபெஷனல் சிடி ஏற்காது. பெட்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை முதலில் படித்து, அதே வகை சிடியைத் தேடுங்கள். நிறுவிய பின் ஆக்டிவேஷனுக்கு 30 நாள் அவகாசம். "கிராக்" என்ற பெயரில் சுற்றும் தொகுப்புகளை நாட வேண்டாம். எக்ஸ்பிக்குள் முதல் நாளே வைரஸ் நுழையும் வழி அதுதான்.

சிடியின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து சிடி எழுதுவதானால் 700 எம்பி சிடி-ஆர் வாங்கி, 8 மடங்கு வேகத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். பழைய சிடி டிரைவின் லென்ஸ் வேகமாக எழுதிய தட்டைப் படிக்கத் தடுமாறும். பென் டிரைவிலிருந்தும் நிறுவலாம். அதற்கென்று வின்செட்டப் ஃப்ரம் யுஎஸ்பி போன்ற கருவிகள் உண்டு. ஆனால் எக்ஸ்பி அப்படி நிறுவுவதற்காக எழுதப்பட்டதல்ல. முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எதிலிருந்து பூட் செய்வது என்ற குழப்பத்தில் "ஹால் டிஎல்எல் இல்லை" என்று நின்றுவிடும். சிடி டிரைவ் வேலை செய்தால் சிடியே நல்லது.

பயாஸ்: பாதித் தோல்வி இங்கேதான்

கணினியைப் போட்டதும் டெலீட் விசையை விட்டு விட்டுத் தட்டுங்கள். சில கணினிகளில் எஃப்2, சிலவற்றில் எஃப்10. உள்ளே மூன்றைப் பாருங்கள். தேதியும் நேரமும். பூட் வரிசையில் சிடி முதலில், ஹார்டு டிஸ்க் அடுத்து. மூன்றாவதுதான் முக்கியம்: சாட்டா மோட், அதாவது மதர்போர்டு டிஸ்கோடு பேசும் முறை.

இது ஏஎச்சிஐ என்று இருந்தால் எக்ஸ்பி சிடி டிஸ்கையே பார்க்காது. நீலத்திரை வந்து, கடைசி வரியில் நிறைய பூஜ்யங்களுக்குப் பிறகு 7பி என்ற எண் நிற்கும். "பூட் செய்ய வேண்டிய டிஸ்கை அடைய முடியவில்லை" என்று அதற்கு அர்த்தம். எக்ஸ்பி பிறந்தபோது ஏஎச்சிஐ இல்லை, ஆகவே சிடியில் டிரைவரும் இல்லை. இதை ஐடிஇ, கம்பாட்டிபிள், லெகசி, ஏடிஏ என்று எந்தப் பெயரில் போர்டு சொல்கிறதோ அதற்கு மாற்றுங்கள். அந்தத் தேர்வே இல்லாத போர்டு என்றால் என்லைட் என்ற இலவசக் கருவியால் சிடிக்குள் சாட்டா டிரைவரைச் சேர்த்துப் புதிய சிடி எழுத வேண்டும். நிறுவும்போது எஃப்6 அழுத்தி டிரைவர் கொடுக்கும் வழியும் உண்டு, ஆனால் அது ஃபிளாப்பியை மட்டுமே கேட்கும். நிறுவி முடித்த பின் பயாஸில் மீண்டும் ஏஎச்சிஐக்கு மாற்றினால் அதே 7பி வந்து நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயாஸுக்குப் பதிலாகப் புதிய யுஇஎஃப்ஐ உள்ள போர்டில், பழைய முறையில் எழ வைக்கும் சிஎஸ்எம் அல்லது லெகசி பூட்டை இயக்க வேண்டும். டிஸ்கின் பிரிவுப் பட்டியல் புதிய ஜிபிடி முறையில் இருந்தால் 32 பிட் எக்ஸ்பி அதைத் தொடாது. பழைய எம்பிஆர் முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது உள்ளதெல்லாம் அழியும்.

எஸ்எஸ்டி போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. எக்ஸ்பி தானே டிஸ்கில் பிரிவு (பார்ட்டிஷன்) உருவாக்கினால் அதை 63-ஆம் செக்டரில் தொடங்கும். அது எஸ்எஸ்டியின் 4 கேபி கட்டங்களோடு பொருந்தாது, டிஸ்கில் எழுதும் வேலை பல நேரம் இரட்டிப்பாகும். முன்கூட்டியே விண்டோஸ் 7 டிவிடியிலோ ஜிபார்ட்டட் என்ற இலவசக் கருவியிலோ பிரிவை உருவாக்கிவிட்டு, எக்ஸ்பி நிறுவும்போது அதை அழிக்காமல் அப்படியே தேர்ந்தெடுங்கள். அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம் வசதி எக்ஸ்பியில் இல்லை. டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே விடுவது நல்லது.

நிறுவல்

தொடங்கும் முன் லேன் கேபிளைக் கழற்றி வையுங்கள். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, நெட்வொர்க்கில் இருந்த திருத்தப்படாத எக்ஸ்பிக்குள் யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நுழைந்தது. 60 நொடியில் அணைந்துவிடுவேன் என்ற பெட்டி தோன்றிக் கணினி அணைந்துகொண்டே இருக்கும். ஃபயர்வால் தானாக இயங்கத் தொடங்கியதே இரண்டாவது சர்வீஸ் பேக்கிலிருந்துதான். பழைய கோப்புகளையும் முன்பே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். மை டாக்குமென்ட்ஸ் மட்டும் போதாது. கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அஞ்சல், எழுத்துருக்கள் இவையும் சேர்த்து.

1. சிடியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். "சிடியிலிருந்து பூட் செய்ய ஏதேனும் விசையை அழுத்து" என்ற ஒற்றை வரி வரும். ஐந்து நொடிக்குள் அழுத்த வேண்டும்.

2. நீல நிற நிறுவல் திரை வரும், இது பிழை அல்ல. இங்கே மவுஸ் இல்லை. எண்டர், பிறகு எஃப்8. பழைய எக்ஸ்பி இருந்தால் சரிசெய்ய ஆர், புதிதாக நிறுவ எஸ்கேப் என்று கேட்கும். எஸ்கேப்.

3. பிரிவுகளின் பட்டியல். பழையதை அழிக்க டி, அடுத்து எண்டர், அடுத்து எல். மூன்று தடவை கேட்பது உங்களைத் தடுத்து யோசிக்க வைக்கத்தான். காலியிடத்தில் நின்று சி அழுத்தினால் அளவு கேட்கும், எம்பி கணக்கில். 15 ஜிபி வேண்டும் என்றால் 15360. 40 ஜிபி டிஸ்கில் சி-க்கு 15, மீதி டி-க்கு. உங்கள் வேலைக் கோப்புகள் டி-யில் இருந்தால் பின்னர் எக்ஸ்பியை மட்டும் மறுபடி நிறுவ முடியும்.

4. ஃபார்மட். என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். "குயிக்" என்று எழுதியிருப்பது புதிய டிஸ்குக்கு. பழைய டிஸ்குக்கு அது இல்லாத வரியே சரி. முழு டிஸ்கையும் படித்துப் பார்த்துக் கெட்ட செக்டர்களை ஒதுக்கும். 80 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

5. கோப்புகள் நகலாகி, கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும். மறுபடியும் "ஏதேனும் விசையை அழுத்து" என்று வரும். இப்போது எதையும் தொடாதீர்கள். அழுத்தினால் முதல் படிக்கே திரும்பிவிடும். புதியவர்கள் "திரும்பத் திரும்ப முதலிலிருந்தே வருகிறது" என்று தவிப்பது இந்த இடத்தில்தான்.

6. படத்திரை வந்து 39 நிமிடம் என்று காட்டும். 34-க்கு வந்ததும் "சாதனங்களை நிறுவுகிறது" என்று நீண்ட நேரம் நிற்கும், திரை ஓரிரு முறை மினுங்கும். பதற வேண்டாம். 20 நிமிடத்துக்கு மேல் டிஸ்க் விளக்கே எரியாமல் நின்றால் மட்டும் சவுண்ட் கார்டு, மோடம், வெளி யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றிவிட்டு மீண்டும் ஆரம்பியுங்கள்.

7. மண்டல அமைப்புக்கான பெட்டி வரும். அவசரத்தில் நெக்ஸ்ட் அழுத்திவிடாமல் கஸ்டமைஸ் அழுத்துங்கள். லாங்குவேஜஸ் தாவலில் "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" என்று தொடங்கும் முதல் கட்டத்தில் டிக் போடுங்கள். தமிழ் யூனிகோடு வேலை செய்ய இது கட்டாயம். சிடி உள்ளேயே இருப்பதால் இப்போதே செய்துவிடுவது எளிது.

8. அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைக் காலியாக விடாதீர்கள். நேர மண்டலத்தில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்ற வரி. இலங்கையில் இருப்பவர்கள் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற வரியை எடுத்தால் கடிகாரத்தைச் சரிபாருங்கள்: 2006 ஏப்ரலில் இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியதாக மாறியது, அதற்கு முந்தைய சிடியில் ஆறு மணி என்றே இருக்கும், அரை மணி நேரம் முந்தி ஓடும். சென்னை வரியை எடுத்தால் சரியாகிவிடும்.

டிரைவர்கள்

முதலில் சிப்செட், அடுத்து கிராபிக்ஸ், பிறகு ஒலி, கடைசியில் லேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் ரீஸ்டார்ட். சிப்செட் டிரைவர் போடாமல் மற்றவற்றைப் போட்டால் பஸ்ஸில் என்ன இருக்கிறது என்றே எக்ஸ்பிக்குத் தெரியாது.

எந்த டிரைவர் என்று தெரியவில்லையா? மை கம்ப்யூட்டரில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர். மஞ்சள் குறி உள்ள வரியைத் திறந்து டீடெய்ல்ஸ் தாவலைப் பாருங்கள். நீண்ட வரியில் வென் என்ற மூன்று எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கம் தயாரித்த நிறுவனம்: 8086 என்றால் இன்டெல், 1002 ஏடிஐ, 1106 வியா, 1039 சிஸ். அதன் பின் டெவ் என்பதற்கு அடுத்த நான்கு இலக்கம் சிப். இந்த இரண்டு எண்களையும் வேறு கணினியில் தேடினால் சரியான டிரைவர் அகப்படும். "எல்லா டிரைவர்களையும் தானாகப் போடும்" மென்பொருள்கள் விளம்பரங்களையும் சேர்த்துத் திணிக்கும், வேண்டாம்.

இங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். டிஸ்குக்கு நேரே அல்ட்ரா டிஎம்ஏ என்று இருக்க வேண்டும். பிஐஓ என்று இருந்தால் கணினி மாட்டு வண்டி வேகத்தில் போகும், மவுஸ்கூடத் தயங்கித் தயங்கி நகரும். கேபிள் தளர்வால் படிப்பதில் ஆறு முறை பிழை வந்தால் எக்ஸ்பி தானாகவே பிஐஓவுக்கு இறங்கிவிடும், பிறகு ஏறாது. கேபிளை மாற்றி, அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். "பழைய கணினி, மெதுவாகத்தான் ஓடும்" என்று ஓரங்கட்டப்பட்ட பல பெட்டிகளின் நோய் இதுதான்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் குப்பை எழுத்துகளாக அடித்தால் பயாஸில் பேரலல் போர்ட் மோடை இசிபியிலிருந்து எஸ்பிபி அல்லது நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள். முகவரி 378, ஐஆர்க்யூ 7. அந்த மாடலுக்கே உரிய டிரைவர் கிடைக்காவிட்டால், 9 ஊசி பிரின்டருக்கு எப்சன் எஃப்எக்ஸ் வரிசை, 24 ஊசிக்கு எல்க்யூ வரிசை பெரும்பாலும் ஒத்துழைக்கும். இரண்டுமே சிடிக்குள் இருக்கின்றன.

தமிழ்

நிறுவும்போது டிக் போட மறந்திருந்தால் கண்ட்ரோல் பேனலில் ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் தாவல், அதே கட்டம். சிடி கேட்கும், ஐ386 ஃபோல்டரைக் காட்டுங்கள். அந்த ஃபோல்டரை முதலிலேயே டி டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் சிடியைத் தேட வேண்டாம்.

இது போடாத கணினியை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம். "பெயர்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ப முதலில் வந்து ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் தொங்கும், புள்ளி வட்டத்தோடு. எழுத்துரு பழுது என்று, எக்ஸ்பியின் தமிழ் எழுத்துருவான லதாவைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை. கொம்பை முன்னால் கொண்டுவருவது யுனிஸ்கிரைப் என்ற பகுதியின் வேலை, அதை இயக்குவது அந்த டிக்.

எக்ஸ்பியோடு வரும் தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் வகை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை ஆகியவற்றுக்கு என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ நிறுவுங்கள். இரண்டும் எக்ஸ்பி காலத்தில் பிறந்தவை. நோட்பேடில் தட்டிச் சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் ஆன்சி என்று இருப்பதை யுடிஎஃப்-8 ஆக மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் எச்சரிக்கைப் பெட்டி வரும்; அதில் ஓகே சொன்னால் மறுமுறை திறக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக நிற்கும், மீட்க வழியே இல்லை. 2010-இல் வந்த ரூபாய்க் குறியும், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ எழுத்தும் எக்ஸ்பி எழுத்துருக்களில் இல்லை, பெட்டியாகத் தெரியும். ரூ. என்றே எழுதுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கு மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துருக் கோப்பை ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும். ஆனால் வேர்டில் ஒரு கண்ணி இருக்கிறது. பாமினியில் "அம்மா" என்று எழுத நீங்கள் அழுத்துவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வேர்டு இதை ஆங்கிலம் என்று நினைத்து, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். சிறிய எம் பாமினியில் அ, பெரிய எம் ஆ. திரையில் "ஆம்மா" வந்து நிற்கும். டூல்ஸ், ஆட்டோகரெக்ட் போய் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

ரீஜினல் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு தாவலில் யூனிகோடு அல்லாத மென்பொருள்களுக்கான மொழி என்று ஒன்று இருக்கும். அங்கே தமிழ் இருக்காது. தமிழுக்கு அந்தப் பழைய குறியீட்டுப் பக்கமே ஒதுக்கப்படவில்லை. ஆங்கிலத்திலேயே விடுங்கள். வேறு மொழிக்கு மாற்றினால் பழைய தமிழ் எழுத்துருக்களில் பல எழுத்துகள் உடைந்துவிடும். எழுத்துருக்களை நூற்றுக்கணக்கில் கொட்டாதீர்கள், கணினி எழவே நேரமெடுக்கும். வேலைக்கு வேண்டியதை மட்டும் போட்டு, மீதியைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

உங்களுக்கேற்ப மாற்றுவது

எழுத்து கூர்மைதான் முதலில். டெஸ்க்டாப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அப்பியரன்ஸ், எஃபெக்ட்ஸ். எழுத்து விளிம்பை மென்மையாக்கும் வரியில் ஸ்டாண்டர்டு என்று இருப்பதை கிளியர்டைப் ஆக்குங்கள். தட்டைத் திரையில் லதாவின் மெலிந்த கோடுகள் இதனால் நன்றாகத் தெரியும். பழைய பெட்டி மானிட்டரில் வேண்டாம், மங்கலாகும். கூடவே ரெஃப்ரெஷ் வேகத்தை 60-இலிருந்து 75 அல்லது 85-க்கு மாற்றினால் கண் வலி குறையும்.

ரீஜினல் ஆப்ஷன்ஸில் கஸ்டமைஸ் அழுத்தி நம்பர்ஸ் தாவலில் இலக்கப் பிரிப்பை 12,34,56,789 என்ற வரிக்கு மாற்றுங்கள். லட்சம், கோடி சரியாகப் பிரியும். தேதியில் நாள் முதலில் வருமாறு வையுங்கள். அமெரிக்க முறையில் விட்டால் 5-ஆம் மாதம் 4-ஆம் தேதி எது, 4-ஆம் மாதம் 5-ஆம் தேதி எது என்று கணக்கே குழம்பும்.

512 எம்பி ரேம் என்றால் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் போய் எல்லா அலங்காரத்தையும் நீக்கிவிட்டு, எழுத்து விளிம்பு மென்மைக்கு மட்டும் டிக் வையுங்கள். நீலப் பட்டையும் பச்சை ஸ்டார்ட் பொத்தானும் பிடித்திருந்தால் விஷுவல் ஸ்டைல்ஸ் வரியையும் விட்டுவைக்கலாம். தின்னும் ரேம் கொஞ்சம்தான். நீலம் தவிர ஆலிவ் பச்சை, வெள்ளி என்று இரண்டு நிறங்களும் உண்டு. மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ராயல், ஸூன் (Zune) தீம்களும் நேரடியாகப் பொருந்தும். மற்றவர்கள் செய்த தீம்களுக்கு யுஎக்ஸ்தீம் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டும், அது தவறினால் லாகின் திரையே வராது. வேலைக் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம். பச்சை மேடும் நீல வானமுமாக இருக்கும் அந்தப் பின்னணிப் படத்தை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்: சார்லஸ் ஓ'ரியர் 1996-இல் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் ஃபிலிமில் எடுத்த உண்மையான புகைப்படம் அது.

சிஸ்டம் ரீஸ்டோர் ஒவ்வொரு டிரைவிலும் 12 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும். சி-யில் 4 சதவீதமாகக் குறைத்து, டி-யில் நிறுத்திவிடலாம். ஹைபர்னேட் வேண்டாம் என்றால் நிறுத்துங்கள், ரேம் அளவுக்கு இடம் திரும்பக் கிடைக்கும். சர்வீசஸில் இண்டெக்ஸிங், ரிமோட் ரெஜிஸ்ட்ரி இரண்டையும் டிஸேபிள் செய்யலாம். அதற்கு மேல் நீளும் பட்டியல்களைப் பின்பற்றாதீர்கள். பிரிஃபெட்ச் ஃபோல்டரை அழித்தால் வேகம் கூடும் என்பார்கள். உண்மையில் அடுத்த சில தடவை மெதுவாகத்தான் எழும். இணைய வேகத்தில் 20 சதவீதத்தை எக்ஸ்பி ஒளித்து வைக்கிறது என்பதும் கட்டுக்கதை.

பென் டிரைவும் நெட்வொர்க்கும்

இணையம் இல்லாத கணினிக்கு வைரஸ் வருவது பென் டிரைவில். ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ தாவலில் கோப்பு வகையை மறைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபோல்டர் படத்தோடு இருக்கும் ஒன்றின் பெயர் இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது ஃபோல்டர் அல்ல, அழித்துவிடுங்கள். புரொஃபெஷனல் பதிப்பில் குரூப் பாலிசி திறந்து, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம் என்பதற்குள் ஆட்டோபிளேயை எல்லா டிரைவ்களுக்கும் அணையுங்கள்.

இப்போது விற்கும் 64 ஜிபி பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருபவை. எக்ஸ்பி அதைப் பார்த்து "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். ஆம் என்றால் உள்ளதெல்லாம் போகும். மைக்ரோசாஃப்டின் கேபி955704 திருத்தத்தைப் போட்டால் எக்ஸ்ஃபேட் படிக்கும். அல்லது 32 ஜிபிக்குள் ஃபேட்32 பென் டிரைவ் ஒன்றை இந்தக் கணினிக்கென்றே ஒதுக்குங்கள்.

கட்டாயம் லேனில் சேர்க்க வேண்டியிருந்தால் கேபிள் செருகுவதற்கு முன் இரண்டு திருத்தங்களைப் போடுங்கள். கேபி4012598, 2017 மேயில் வானாகிரை புழு பரவியபோது ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. கேபி4500331, 2019 மேயில் ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டைக்காக வந்தது. விண்டோஸ் 10 கணினியிலிருந்து எக்ஸ்பியின் பகிர்ந்த ஃபோல்டர் தெரியவில்லை என்றால் காரணம், கோப்புகளைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1 அங்கே நிறுத்தப்பட்டதுதான். அதைத் திறந்துவிடாதீர்கள், வானாகிரை நுழைந்த வாசலே அது. ரவுட்டரில் அந்தக் கணினிக்கு வெளி இணையத்தைத் தடுத்துவிட்டு, கோப்பு மாற்றத்துக்கு எஃப்டிபி வைத்துக்கொள்ளலாம்.

படி எடுத்து வைத்தல்

எல்லாம் சரியாக ஓடும் அன்றே, டிஸ்கைப் படியெடுக்கும் குளோன்சில்லாவில் பூட் செய்து, முழு டிஸ்கையும் வெளி டிஸ்கில் படியாக எடுங்கள். 32 பிட் சிபியுவில் இயங்கும் பதிப்பைப் பார்த்து இறக்க வேண்டும். 15 ஜிபி பிரிவில் எக்ஸ்பியும் மென்பொருளும் 5 ஜிபி பிடித்திருந்தால், படி அதைவிடச் சிறிதாகவே இருக்கும், ஏனென்றால் காலியிடத்தை விட்டுவிட்டு மீதியைச் சுருக்கித்தான் அது சேமிக்கிறது. படியை மீட்கும் புதிய டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். 80 ஜிபி என்று எழுதியிருக்கும் இரண்டு டிஸ்குகளில்கூட சில எம்பி வித்தியாசம் இருந்து மீட்பு மறுக்கப்படும். ஆகவே சற்றுப் பெரிய டிஸ்க் ஒன்றை இப்போதே வாங்கி, படியை அதில் மீட்டு, அந்த டிஸ்கை மாட்டிக் கணினி எழுகிறதா, பிரின்டர் அடிக்கிறதா, பாமினிக் கோப்பு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, மதர்போர்டு பெயரையும் தேதியையும் பயாஸில் சாட்டா மோட் எதில் இருக்கிறது என்பதையும் எழுதி அதன் மேல் ஒட்டி அலமாரியில் வையுங்கள்.